தெச்சிங் ஷியே: விதிகளால் கட்டப்பட்ட ஆறு படைப்புகள்

1980 ஏப்ரல் 11 மாலை 7 மணி தொடங்கி 1981 ஏப்ரல் 11 மாலை 6 மணி வரை, நியூயார்க்கில் தன் ஸ்டுடியோவில் மாட்டியிருந்த டைம் கிளாக்கில் (தொழிலாளர் வந்துபோகும் நேரத்தைக் கார்டில் பதியும் கடிகாரம்), தன் உடலையும் செயலையுமே கலையாக்கிய நிகழ்த்துகலைஞர் தெச்சிங் ஷியே 8,760 முறை கார்டு அடித்திருக்க வேண்டும். மணிக்கு ஒன்று, இரவு பகல் பாராமல். அதில் 133 முறை பிசகியது. தூங்கிப்போனதால் 94, தாமதமாக வந்ததால் 29, மணி ஆவதற்குள் அடித்துவிட்டதால் 10. இந்தப் பட்டியலை யாரும் பின்னால் துருவிக் கண்டுபிடிக்கவில்லை. ஷியேவே தொகுத்து, படைப்பின் ஆவணங்களோடு சேர்த்து வைத்தார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சகிப்புத்தன்மையைத்தான் வியக்கிறார்கள். ஓராண்டு கூண்டுக்குள் இருந்தார், ஓராண்டு தெருவில் கிடந்தார், ஓராண்டு ஒரு பெண்ணோடு கயிற்றில் கட்டுண்டு வாழ்ந்தார் என்ற வியப்பு. அது நியாயமான வியப்புதான். ஆனால் அவரைவிடக் கொடுமையான சூழலில் ஓராண்டைக் கழித்தவர்கள் சிறைகளிலும் நடைபாதைகளிலும் ஏராளம். ஷியே செய்தது கலையாக நிற்பதற்குக் காரணம் வேறு: நாலைந்து வரியில் ஒரு விதி, அதற்கு வெளிச் சாட்சி, மீறினால் காட்டிக்கொடுக்கும் பதிவு. இந்த மூன்றையும் அவர் ஓராண்டுப் படைப்புகள் ஐந்திலும் பதின்மூன்றாண்டுப் படைப்பு ஒன்றிலும் எப்படிப் பொருத்தினார், எங்கே அது இடறியது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

கூண்டுக்கு முன்

1950 டிசம்பர் 31 அன்று தெற்குத் தைவானின் பிங்துங் மாவட்டத்தில் பிறந்தார். 1967இல் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஓவியத்துக்கு வந்தார். 1970 முதல் 1973 வரை கட்டாய ராணுவ சேவை. முடித்து வந்ததும் தைபேயில் ஒரு தனிக் கண்காட்சி, அதன்பின் ஓவியத்தையே விட்டுவிட்டார்.

அதே 1973இல் ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்து ஜன்னலிலிருந்து கீழே குதித்தார். கேமராவில் பதிவு செய்யப்பட்ட அந்தக் குதிப்பில் இரண்டு கணுக்கால்களும் உடைந்தன. பின்னாளில் வந்த படைப்புகளோடு ஒப்பிட்டால் இதில் இல்லாதது என்ன என்று பளிச்சென்று தெரியும். விதி இல்லை, கால அளவு இல்லை, வெற்றி தோல்வியை அளக்க வழி இல்லை. மிஞ்சியது காயமும் சில படங்களும் மட்டுமே. 1971இல் அமெரிக்கக் கலைஞர் கிறிஸ் பர்டன் தன் கையில் துப்பாக்கியால் சுட வைத்த காலம் அது. உடலுக்கு ஆபத்து என்றாலே அது நிகழ்த்துகலை என்ற எண்ணம் பரவியிருந்தது. ஷியே அந்த வழியில் மேலே போகவில்லை. குதித்த பிறகு அவர் செய்த எதிலும் காயம் நோக்கமாக இல்லை, காலம்தான் பொருள்.

கப்பல் வேலைக்குப் பயிற்சி எடுத்து, 1974 ஜூலையில் ஃபிலடெல்ஃபியா அருகே டெலவர் ஆற்றில் நின்ற கப்பலிலிருந்து இறங்கி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். உணவகங்களில் பாத்திரம் கழுவினார், துப்புரவு வேலை செய்தார். 1988இல் பொதுமன்னிப்பு கிடைக்கும்வரை 14 ஆண்டுகள் சட்டப்படி அங்கே இருக்க உரிமையில்லாதவர். ஓராண்டுப் படைப்புகள் ஐந்தும் இந்தப் 14 ஆண்டுகளுக்குள் அடங்கும். 1978இல் குடியேற்றத் துறையால் தேடப்படுகிறவர் என்று தன்னையே காட்டி, படமும் கைரேகையும் வைத்து ஒரு சுவரொட்டியும் செய்தார். பிடிபட்டால் நாடுகடத்தல் என்ற நிலையில் இருந்தவர், தன் இருப்பையே தேதி போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

கூண்டு, 1978–79

1978 செப்டம்பர் 30 முதல் 1979 செப்டம்பர் 29 வரை. ஸ்டுடியோவுக்குள்ளேயே மரக்கம்பிகள் வைத்துக் கட்டிய அறை: 11.5 அடி நீளம், 9 அடி அகலம், 8 அடி உயரம். உள்ளே ஒற்றைக் கட்டில், கை கழுவும் தொட்டி, விளக்கு, ஒரு வாளி. தொடங்குமுன் எழுதிவைத்த அறிக்கையில் ஐந்து தடைகள்: பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, வானொலி கேட்கக்கூடாது, தொலைக்காட்சி பார்க்கக்கூடாது. சாப்பாடு கொண்டுவருவது, துணி, கழிவு இவற்றை ஒரு நண்பர் பார்த்துக்கொள்வார் என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவிட்டார். இது முக்கியம். உதவியாளரை மறைத்தால் பின்னால் அது குறையாகத் தெரியும். முதலிலேயே எழுதிவிட்டால் அவரும் படைப்பின் பகுதி.

சாட்சியாக வந்தவர் வழக்கறிஞர் ராபர்ட் ப்ரோஜான்ஸ்கி. கலைஞர்களின் மறுவிற்பனை உரிமைக்காக 1971இல் வெளியான புகழ்பெற்ற ஒப்பந்தப் படிவத்தை எழுதியவர் அவர். கூண்டின் இணைப்புகளில் காகித முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டார். ஆண்டு முடிவில் முத்திரைகள் கிழியாமல் இருப்பதைச் சரிபார்த்தார். குறிப்பிட்ட சில நாட்களில் பொதுமக்கள் வந்து பார்க்கலாம். தொடக்கத்தில் தலையை மழித்துக்கொண்டார், நாளுக்கொரு புகைப்படம் எடுக்கப்பட்டது, சுவரில் நாளுக்கொரு கோடு கீறினார்.

முத்திரை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் வெளியே போகவில்லை என்பதற்கு அது கெட்டியான சான்று. பேசவில்லை, படிக்கவில்லை என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பார்வையாளர் இல்லாத நாட்களில் அவர் சொல்தான் சாட்சி. ஐந்து தடைகளுமே "செய்யாதே" வகை. செய்யாத ஒன்றைப் படம் பிடிக்க முடியாது. நாளுக்கொரு புகைப்படம் காட்டுவது முடி வளர்வதை மட்டுமே. அடுத்த படைப்பில் "செய்யாதே" போய் "செய்" வந்ததை இந்த ஓட்டையின் தொடர்ச்சியாகவே நாங்கள் பார்க்கிறோம்.

உள்ளே நாட்களை ஓட்ட அவர் கையாண்ட ஒரு வழியைச் சொல்லியிருக்கிறார்: கட்டில் கிடந்த மூலை வீடு, மற்ற மூலைகள் வெளியூர். நடக்க வேண்டும் என்று தோன்றினால் வீட்டை விட்டு "வெளியே" போய்விட்டுத் திரும்புவார்.

டைம் கிளாக், 1980–81

ஆறு படைப்புகளில் கட்டுமானம் மிகக் கச்சிதமானது இதுதான். விதி இரண்டே வரி. ஒவ்வொரு மணிக்கும் சரியாக மணியடிக்கும் நேரத்தில் கார்டு அடிக்க வேண்டும். அடித்தவுடன் அந்த அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். இரண்டாவது வரிதான் இதைச் சாமர்த்தியமான விதி ஆக்குகிறது. அது இல்லாவிட்டால் கடிகாரத்தின் காலடியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். வருவதும் போவதும் இல்லாமல் போகும்.

சான்றுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்படி அமைந்திருக்கின்றன. கார்டு நேரத்தைச் சொல்லும்; அடித்தது யார் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு முறையும் 16 மி.மீ. கேமராவில் ஒரே ஒரு ஃபிரேம் எடுத்தார். கடிகாரத்தின் பக்கத்தில் சீருடையோடு அவர் நிற்பார். ஃபிரேம் ஆளைச் சொல்லும். ஆனால் ஒரே நாளில் நின்று பல ஃபிரேம்களை எடுத்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் தொடக்கத்தில் மொட்டை. முடி வளரும் வேகத்தை யாரும் ஏமாற்ற முடியாது. ஃபிரேம்களை இடம் மாற்றினால் உடனே தெரிந்துவிடும். கார்டையே மாற்றி வைத்துவிட்டால்? ஒவ்வொரு கார்டிலும் சாட்சியின் கையெழுத்து உண்டு. ஒன்றில் இருக்கும் ஓட்டையை அடுத்தது அடைக்கிறது.

கார்டுகள் மொத்தம் 366. ஓராண்டுக்கு ஏன் 365 இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. மாலையில் தொடங்கி மறு ஆண்டு அதே தேதியின் மாலையில் முடிவதால் நாட்காட்டித் தேதிகள் 366 வருகின்றன. முதல் கார்டில் மாலை 7 முதல் இரவு 11 வரை 5 பதிவுக்குத்தான் இடம். கடைசிக் கார்டில் நள்ளிரவு முதல் மாலை 6 வரை 19. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு நாள். நடுவில் 364 முழு நாட்கள். கூட்டினால் 8,760 சரியாக வரும்.

இனி அந்த 133. அதில் பெரும்பங்கு தூக்கத்தால் போனதில் வியப்பில்லை. மனிதத் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. மணிக்கொருமுறை எழுந்தால் ஒரு சுற்றுகூட முடியாது. அதிகம் போனால் ஐம்பது நிமிடத் துண்டுகள். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுப்பப்படுகிறவருக்குச் சில நிமிடங்கள் புத்தி தெளியாது. அலாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் சாய்வது அந்த நிமிடங்களில்தான். ஆண்டு முழுக்க இப்படி இருந்தும் தூக்கத்தால் தவறியது 94 என்பது நம்பவே கடினமான குறைந்த எண்ணிக்கை. தாமதமான 29ஐப் புரிந்துகொள்ள வெளியுலகத்தை நினைக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டால் அடுத்ததற்குள் போய்வர ஒரு மணி நேரம்தான். நடந்து போனால் அரை மணி தூரமே எல்லை. கடைக்குப் போகலாம், துணி துவைக்கலாம். நாள் முழுக்க ஒரு வேலைக்குப் போக முடியாது; ஒரு முழுத் திரைப்படம்கூடப் பார்க்க முடியாது. ஆனால் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்த 10தான். முன்கூட்டியே அடித்ததையும் குற்றமாக எழுதினார். விதி "சரியாக மணிக்கு" என்கிறது. முன்னால் வந்தாலும் மீறல் மீறல்தான். தொழிற்சாலையில் முன்னதாக வந்தவனுக்குப் பாராட்டுக் கிடைக்கும். இங்கே கிடைப்பது ஒரு கழித்தல் குறி.

ஃபிரேம்களைச் சேர்த்து ஓட்டினால் சுமார் 6 நிமிடப் படம். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வழக்கமான வேகத்தில் ஒரு நாள் ஒரு நொடியில் போய்விடுகிறது. அருகில் நின்று பார்த்தால் நிமிட முள் 12ஐ விட்டு நகராது. மணி முள் மட்டும் பம்பரமாகச் சுழலும். ஒவ்வொரு முறையும் அவர் அதே இடத்தில்தான் நிற்கிறார் என்றாலும் இம்மி பிசகாமல் யாராலும் நிற்க முடியாது. அதனால் உடல் விடாமல் அதிர்வதுபோல் தெரிகிறது. மொட்டைத் தலையில் முடி தோன்றி, காதை மூடி, தோளுக்கு இறங்குகிறது. தவறிய மணிகள் படத்தில் ஒரு மெல்லிய துள்ளலாகக் கடந்துபோகின்றன. பழகாத கண்ணுக்கு அது அகப்படாது.

வெளியில், 1981–82

1981 செப்டம்பர் 26 முதல் 1982 செப்டம்பர் 26 வரை எந்தக் கூரைக்குள்ளும் நுழையக்கூடாது. விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது: கட்டடம், சுரங்க ரயில், ரயில், கார், விமானம், கப்பல், குகை, கூடாரம். நியூயார்க்கில் குகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். "வெளியே" என்றால் எது என்று பின்னால் யாரும் வாதாட இடமிருக்கக்கூடாது. தானே தன்னிடம் சாக்குச் சொல்லவும் இடமிருக்கக்கூடாது. கூடாரத்தை விலக்கியதும் அதற்காகத்தான். அனுமதித்துக்கொண்டது ஒரு உறக்கப்பை மட்டும்.

பதிவுமுறை மாறியது. தினமும் கீழ் மன்ஹாட்டனின் வரைபடம் ஒன்றில் நடந்த வழியைக் கோடிட்டு, எங்கே சாப்பிட்டார், எங்கே தூங்கினார், எங்கே மலம் கழித்தார் என்று நேரத்தோடு குறித்தார். அந்த ஆண்டுக் குளிர் கடுமையானது. 1982 ஏப்ரலில்கூட நியூயார்க்கில் பனிப்புயல் அடித்தது. குளிர் நாட்களின் வரைபடங்களை நிதானமாகப் பார்த்தால் நாள் முழுவதுமே எதற்காகக் கழிந்தது என்று தெரியும்: காற்று மறைப்பு, நெருப்பு, கழிப்பிடம்.

விதி உடைந்தது காவல்துறையால். தெருவில் ஒரு கைகலப்பைத் தொடர்ந்து கைது செய்யப்பட்டு, காவல் நிலையத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டார். உள்ளே வரமாட்டேன் என்று அவர் கதறுவது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. சுமார் 15 மணி நேரம் உள்ளே இருந்தார். பின்னர் நீதிமன்றத்தில் அவருடைய நிலையைக் கேட்ட நீதிபதி, வழக்கு நடக்கும்போது அவர் வெளியிலேயே இருக்க இசைந்தார். ஷியே அந்த 15 மணி நேரத்தை மறைக்கவும் இல்லை, அதனால் படைப்பு செல்லாது என்று கைவிடவும் இல்லை. பதிவில் அப்படியே வைத்தார். தன் மனத்தளர்ச்சியால் வரும் மீறலையும் புறக்காரணத்தால் வரும் மீறலையும் அவர் ஒரே மாதிரி நடத்துகிறார்: எழுதி வை, தொடர்ந்து செய்.

வீடில்லாதவர்களின் வாழ்க்கையை ஒருவர் கலையென்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இதன்மேல் எழுகிறது. ஆவணமில்லாமல், எந்நேரமும் பிடிபடக்கூடிய ஒருவர் கைதாகும் அபாயத்தோடு இதைச் செய்தார் என்பதைச் சேர்த்தே அதற்குப் பதில் தேட வேண்டும்.

கயிறு, 1983–84

இம்முறை இருவர். லிண்டா மொண்டானோ அமெரிக்க நிகழ்த்துகலைஞர். கன்னியாஸ்திரீ மடத்தில் பயிற்சியில் இருந்தவர். 1973இலேயே டாம் மரியோனி என்ற கலைஞரோடு மூன்று நாள் கைவிலங்கு பூட்டி வாழ்ந்து பார்த்தவர். 1983 ஜூலை 4 மாலை 6 மணி முதல் 1984 ஜூலை 4 மாலை 6 மணி வரை, இடுப்பில் 8 அடிக் கயிறு. உள்ளே இருக்கும்போது ஒரே அறையில் இருக்க வேண்டும். ஒருவரையொருவர் தொடக்கூடாது. கயிற்றின் முடிச்சுகளைச் சாட்சிகள் ஈய முத்திரை வைத்து மூடினார்கள்.

8 அடி என்பது இரண்டு கட்டில்களை இடைவெளி விட்டுப் போடப் போதும்; ஒருவர் குளியலறையில் இருக்கும்போது இன்னொருவர் கதவுக்கு வெளியே தள்ளி நிற்கப் போதாது. கயிறு நீளமாக இருந்தால் தனிமை கிடைத்துவிடும். குட்டையாக இருந்தால் தொடாமல் இருக்க முடியாது. இந்த அளவு இரண்டுக்கும் நடுவே இருவரையும் இக்கட்டில் வைத்தது. தற்செயலாக உடல் உரசியது உண்டு. அதுவும் மீறலாகவே கொள்ளப்பட்டது.

உண்மையில் இடறியது வேறு இடத்தில். ஒருவர் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் அதோடு சரி. இது நாளடைவில் முடக்கும் ஆயுதமாகிவிட்டது. சண்டைகள் வந்தன, பேச்சு குறைந்தது, கயிற்றை இழுப்பது பேச்சுக்குப் பதிலாயிற்று, பிறகு சைகை, கடைசியில் முனகல். முந்தைய படைப்புகளில் விதியை எழுதியவரும் அதற்குக் கட்டுப்பட்டவரும் ஒருவரே. இங்கே இருவருக்கும் நோக்கமே வேறு. மொண்டானோவுக்கு இது கவனத்தைக் கூர்மையாக்கும் ஆன்மிகப் பயிற்சி. ஷியேவுக்குக் காலத்தைக் கடத்துவது. இன்னொருவரோடு நீண்டகாலப் படைப்பைத் திட்டமிடுகிறவர்கள் கயிற்றின் நீளத்தைவிட இந்தச் சம்மத விதியைத்தான் முதலில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

நாளுக்கொரு புகைப்படம் எடுத்தார்கள், பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்தார்கள். ஆனால் நாடாக்களை மூடி முத்திரையிட்டுவிட்டார்கள், யாரும் கேட்கப்போவதில்லை. சான்று இருக்கிறது, தகவல் இல்லை. இரண்டு பேரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டே, நடந்ததற்கு அத்தாட்சி வைக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கலையின்மை, அதன்பின் 13 ஆண்டுகள்

1985 ஜூலை 1 முதல் ஓராண்டு கலை செய்வதில்லை, கலையைப் பற்றிப் பேசுவதில்லை, கலையைப் பார்ப்பதில்லை, அதைப் பற்றிப் படிப்பதில்லை, காட்சிக்கூடம் போவதில்லை. ஆவணம் என்று இருப்பது அறிக்கையும் சுவரொட்டியும்தான்.

1986 டிசம்பர் 31, அவருடைய 36ஆம் பிறந்தநாள். அன்று தொடங்கி 1999 டிசம்பர் 31 வரை கலை செய்வேன், பொதுவில் காட்டமாட்டேன் என்று அறிவித்தார். இந்தக் காலத்தில் அடையாளமே இல்லாமல் மறைந்துபோவது என்று அலாஸ்காவை நோக்கிக் கிளம்பி, சியாட்டிலில் சில மாதங்கள் கிடைத்த வேலையைச் செய்துவிட்டு, கைவிட்டுத் திரும்பினார். 2000 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் ஜட்சன் நினைவு தேவாலயத்தில் கணக்கு ஒப்புவித்தார். எழுத்துகளை வெட்டி ஒட்டிய ஒரு தாள். உயிரோடு இருந்தேன், 1999 டிசம்பர் 31ஐக் கடந்தேன் என்பது அதன் சாரம். அதன்பின் புதிதாகப் படைப்பு எதுவும் செய்வதில்லை என்றார்.

காட்சிக்கு வைப்பது

நெடுங்காலம் அவருடைய பெயர் கலைஞர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. புகழ்பெற்ற நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் அவரை ஆசான் என்றே குறிப்பிடுவார். 2009இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கூண்டையும், அதே ஆண்டு அங்குள்ள குகன்ஹைம் அருங்காட்சியகம் டைம் கிளாக்கையும் காட்சிக்கு வைத்தன. 2017இல் வெனிஸ் பியெனாலே என்ற ஈராண்டுக் கலைவிழாவில் தைவான் அரங்கு முழுவதும் அவருக்கு. அரங்கு அமைந்த கட்டடம் பழைய சிறைச்சாலை. 2025 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் டியா பீக்கன் அருங்காட்சியகத்தில் ஆறு படைப்புகளும் ஒன்றாக வந்தன.

அவற்றை ஓரிடத்தில் வைக்கும்போது நேரும் வழக்கமான தவறு, பொருள் அதிகம் உள்ள படைப்புக்கு அதிக இடம் கொடுப்பது. டைம் கிளாக்குக்குக் கார்டுகள் 366, படச்சுருள் துண்டுகள் 366, கடிகாரம், சீருடை என்று ஒரு கூடமே நிறையும். கலையின்மைக்கு ஒரு தாள். கண்ணை நம்பினால் முன்னதற்குப் பெரிய அறையும் பின்னதற்கு ஒரு சுவரும்தான் கிடைக்கும். ஷியே வகுத்த திட்டம் காலத்தை இடமாக்குவது. ஓராண்டுக்கு எத்தனை சதுர அடியோ அத்தனையே எல்லா ஓராண்டுப் படைப்புக்கும். பதின்மூன்று ஆண்டுக்கு அதைப்போல் 13 மடங்கு. படைப்புகளுக்கு இடையே சாதாரணமாக வாழ்ந்து கழித்த நாட்களுக்கும் அதே விகிதத்தில் வெற்றிடம் விட வேண்டும். கூண்டுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஆறரை மாதம். கயிற்றுக்கும் கலையின்மைக்கும் நடுவே கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. 1978 செப்டம்பரிலிருந்து 1999 முடிய 21 ஆண்டு 3 மாதத்தில் கலைக்கு 18 ஆண்டு, இடைவெளிக்கு 3 ஆண்டு 3 மாதம். கட்டடத்தின் தரைப்படத்தை விரித்து முதலில் போட வேண்டிய கணக்கு இது. ஏறத்தாழ எதுவுமே வைக்கப்படாத அந்த 13 பங்கு இடத்தைக் கொடுக்கச் சம்மதிக்கும் கூடம் கிடைத்தால்தான் ஆறையும் ஒன்றாக வைக்க முடியும்.